மத்தியும் மாகாணமும் ஒரே பெட்டிக்குள்

திருகோணமலை உட்துறைமுக வீதியில் கரையோரச் சிறுகலன் ஒழுங்குபடுத்தற் பணிமனை என்றொரு கந்தோர் உண்டு. பெயரை மூன்று மொழியிலும் எழுதப்போய்ப் பலகை நீண்டு, அதன் ஒரு முனை பக்கத்து வளவுக்காரரின் மாமரத்துக்குள் போய்விட்டது. ஆட்களை ஏற்றிக் கடலில் ஓடுகிற சிறு படகு எதுவானாலும் இந்தக் கந்தோரின் அனுமதி இல்லாமல் ஓட ஏலாது. அனுமதியை அச்சடிக்கிற கணினி ஒன்றே ஒன்றுதான். அதைச் சுற்றி உத்தியோகத்தர்கள் நிறையப் பேர். கதிரை கிடைத்தவர்கள் இருந்து வேலை செய்தார்கள். கதிரை கிடைக்காத அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் ஜன்னலோரம் நின்றபடி நாட்டை அபிவிருத்தி செய்துகொண்டிருந்தார்கள்.

ஜமாலியா ஊர்க்காரன் முனீப் முதன்முதல் இந்தக் கந்தோருக்குள் காலடி வைத்தபோது நல்ல உற்சாகத்தில் இருந்தான். நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஓட்டோவை விற்று ஒரு ஃபைபர் படகு வாங்கியிருந்தான். நிலாவெளி ஹோட்டல்காரர் ஒருவர், தன்னிடம் தங்க வரும் வெள்ளைக்காரர்களை டொல்பின் பார்க்க அவனுடைய படகிலேயே அனுப்புவதாக வாக்குக் கொடுத்திருந்தார். சீசன் தொடங்கும்போது அனுமதி கையில் இல்லாவிட்டால் வேறு படகு பார்ப்பேன் என்பதையும் அவர் சிரித்த முகத்தோடேயே சொல்லிவைத்திருந்தார்.

மனைவி றுமானாவுக்கு ஓட்டோவை விற்றதில் துளியும் சம்மதமில்லை. அவளுடைய தம்பி பாஹிம் கிண்ணியாவில் ஹாட்வெயார் கடை வைத்திருந்தான். வரும்போதெல்லாம் கரையில் ஏற்றிவைத்திருக்கும் படகை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மச்சான், காகத்துக்கு நல்ல வீடு கட்டியிரிக்கிங்க" என்பான். காகங்களும் அவன் பேச்சைத் தட்டாமல் படகின் விளிம்பில் வரிசையாக இருக்கும். முனீப் சிரித்துச் சமாளிப்பான். அனுமதி வந்துவிட்டால் எல்லாருடைய வாயும் அடங்கிவிடும் என்பது அவனுடைய கணக்கு.

கணினிக்கு முன்னால் இருந்தவள் சாம்பல்தீவுச் சுதர்ஷினி. பத்திரங்களைப் பார்த்தாள், எல்லாம் சரி என்றாள், அவனுடைய பெயரைத் தட்டத் தொடங்கினாள். பாதிப் பெயரில் திரை முழுக்க நீலமாயிற்று. நீலத்தில் சில வெள்ளை எழுத்துகள் மன்னிப்புக் கேட்டன. மறுகணம் கந்தோர் முழுவதும் எழுந்து தேத்தண்ணிக்குப் போனது.

"இது முதலாம் நீலம்" என்றாள் சுதர்ஷினி, கைப்பையைத் தோளில் கொழுவிக்கொண்டு. "இனிப் பத்தரை நீலம் வரும். அதுக்குப் பிறகு சாப்பாட்டு நீலம். நீங்கள் நாளைக்கு வந்து பாருங்கோவன்."

அப்போதுதான் முனீப் கவனித்தான், சுவர் மணிக்கூடு எப்போதோ நின்றுபோயிருந்தது. அதைத் திருத்த வேண்டிய தேவை யாருக்கும் ஏற்படவில்லை. நீலம் வந்தால் எழும்புவார்கள், கணினி மீண்டும் உயிர்த்தால் இருப்பார்கள், கடைசி நீலத்துக்கு வீட்டுக்குப் போவார்கள்.

நாளைக்கு வந்தான். அதற்கடுத்த நாளும் வந்தான். வந்து வந்து, கந்தோர் நாய் அவனைக் கண்டு குரைப்பதை நிறுத்திய பிறகு, இதற்கு என்னதான் காரணம் என்று சுதர்ஷினியிடம் கேட்டான். அவள் ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள். கணினிக்குள் ரேம் என்று விரல் நீளத்தில் ஒரு பச்சைத் தகடு இருக்கிறது. செய்துகொண்டிருக்கிற வேலையைக் கணினி மறக்காமல் பிடித்துவைத்திருப்பது அதில்தான். முதலில் கொழும்பு அமைச்சு கொடுத்த ரேம் ஒன்றுதான் இருந்தது. ஆறுதலாக, மெல்லத்தான் ஓடும், ஆனாலும் ஓடும். போன வருட முடிவில் மாகாணத் திணைக்களத்துக்காரரிடம் செலவழியாத காசு கொஞ்சம் மிஞ்சிவிட்டது. திறைசேரிக்குத் திரும்பிப் போய்விடப் போகிறதே என்ற பதற்றத்தில் அவர்கள் இன்னொரு ரேமை வாங்கிவந்து பக்கத்தில் செருகிவிட்டார்கள். வேறு கம்பனி, வேறு அளவு, வேறு வேகம். தனித்தனியே இரண்டும் நல்ல பிள்ளைகள். சேர்ந்தால் நீலம்.

"அப்ப ஒண்டக் கழட்டினாச் சரிதானே மிஸ்" என்றான் முனீப்.

ஜன்னலோரத்தில் அபிவிருத்தி நின்றது. உள்ளறைக் கதவு திறந்து உதவிப் பணிப்பாளர் பாலசிங்கம் வெளியே வந்தார். இளைப்பாறும் வயதை நெருங்கியவர். யாருக்கும் இல்லையென்று சொல்லாதவர், யாருக்கும் எதையும் செய்யாதவர். முனீப்பை அன்போடு உள்ளே கூட்டிப்போய் இருத்தி, தேத்தண்ணியும் கொடுத்து, தன் மனத்தைத் திறந்தார்.

"தம்பி, கழட்டுறது ஒரு நிமிச வேலை. ஆனா எதைக் கழட்டுறது? மத்தியின்ரயைக் கழட்டினா நான் அரசாங்கத்துக்கு எதிரானவன். மாகாணத்தின்ரயைக் கழட்டினா நான் அதிகாரப் பகிர்வுக்கு எதிரானவன். சேவைக்கு வந்த நாள் தொட்டு நான் ஒண்டுக்கும் எதிராயில்லாமல் வேலை செய்து வந்தனான். இந்த வயசில என்னை ஒண்டுக்கு எதிராக்கிப்போடாதேங்கோ."

சொல்லும்போது அவருடைய கண் உண்மையாகவே கலங்கியது. படகுக்கு அனுமதி கேட்டு வந்த தான் ஏதோ நாட்டைப் பிரிக்கக் கேட்டவன்போல, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு எழுந்தான். ஆனாலும் பொதுமகன் ஒருவரின் கரிசனை என்பதால் பாலசிங்கம் ஒரு கூட்டம் வைக்க இணங்கினார்.

கூட்டத்துக்கு மாகாணத் திணைக்களத்திலிருந்து அன்ஸார் வந்தார். கழுத்துப்பட்டியும் கம்பீரமுமாக வந்தவர், முதல் வேலையாகக் கணினிப் பெட்டியைத் திறக்கச் சொல்லி உள்ளே குனிந்து பார்த்தார். பார்த்தவுடன் முகம் சிவந்துவிட்டது. அமைச்சின் ரேம் முதலாவது துளையில் இருந்தது. மாகாணத்தின் ரேம் இரண்டாவதில் இருந்தது. தங்களைப் பின்வரிசையில் இருத்தியதற்கு விளக்கம் வேண்டும் என்றார். முதல் வந்தவர் முன்னுக்கு இருப்பது சேவை மூப்பு என்றார் பாலசிங்கம்.

"அதையும் விடுவோம்" என்றார் அன்ஸார். "எங்கட ரேம் வேகமான ரேம். உங்கடயோட சேர்ந்ததால அதுவும் உங்கட வேகத்துக்கு இறங்கித்தான் ஓடுது. இதுக்கா நாங்க காசு குடுத்து வாங்கின?"

"அதுக்குப் பேர்தான் ஒத்துழைப்பு" என்றார் பாலசிங்கம். "கெட்டிக்காரன் ஆறுதலானவனுக்காகப் பொறுத்துப்போறது. எங்கட கந்தோரே அந்த அத்திவாரத்திலதானே நிக்குது."

கடைசியில் ஒரு கிழமை அமைச்சின் ரேம் முன்துளையிலும், மறுகிழமை மாகாணத்தின் ரேம் முன்துளையிலும் இருப்பது என்று முடிவாயிற்று. திங்கள்தோறும் இரு தரப்புப் பிரதிநிதிகளும் நின்று, பெட்டியைத் திறந்து, இடம் மாற்றிச் செருகி, வடையும் பற்றிஸும் சாப்பிட்டுக் கலைந்தார்கள். கணினிக்கு மட்டும் இந்த மரியாதை ஒத்துவரவில்லை. முதலாம் நீலமும் பத்தரை நீலமும் இப்போது ஒன்றாகவே வரத் தொடங்கின.

இந்த நேரம் பார்த்துப் பொருட் கணக்கெடுப்புக்காரர் வந்தார்கள். அரசாங்கக் கந்தோரில் கதிரை, மேசை, மின்விசிறி, குப்பைக் கூடை எல்லாவற்றின் முதுகிலும் வெள்ளைப் பெயின்டால் ஓர் இலக்கம் எழுதியிருக்க வேண்டும். மாகாணத்தின் ரேமில் இலக்கம் இல்லை. இலக்கம் இல்லாத பொருள் அரசாங்கத்தின் பொருளே அல்ல என்று அவர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். பாலசிங்கம் அன்றிரவு கண்மூடவில்லை. விடிந்ததும் பெயின்ட் அடிப்பவரைக் கூப்பிட்டார்.

இலக்கமோ மத்தி, மாகாணம், மாவட்டம், கிளை என்று ரயில்போல நீளம். ரேமோ விரல் நீளம். அடிப்பவர் தொழிலில் சுத்தமானவர். கறுப்புச் சில்லுகள் மேல் எழுதினால் அழகாயிராது என்று, ஓரத்தில் பொன்னிறப் பற்கள்போல வரிசையாய் இருந்த இடத்தில், இருபுறமும் கச்சிதமாக எழுதி, இரண்டாம் பூச்சும் பூசிக் கொடுத்தார். அந்தப் பற்களால்தான் ரேம் கணினியோடு பேசுகிறது. செருகிப் போட்டார்கள். நீலம்கூட வரவில்லை. வெறும் கறுப்பு.

கந்தோர் நிலைகுலைந்துபோனது. நீலம் இல்லாமல் எப்போது தேத்தண்ணி குடிப்பதென்று யாருக்கும் தெரியவில்லை. சிலர் குடிக்காமலே இருந்து தலையிடி வந்து படுத்தார்கள். சிலர் விடியத் தொடங்கிய தேத்தண்ணியைப் பின்னேரம்வரை நிறுத்த முடியாமல் குடித்தார்கள். பொறுக்க முடியாமல் சுதர்ஷினிதான் மகளின் பென்சில் பெட்டியிலிருந்து அழிறப்பர் கொண்டுவந்து பெயின்டைத் தேய்த்து எடுத்தாள். நீலம் திரும்பி வந்தது. கைதட்டினார்கள். அழிந்ததுபோக மிஞ்சியிருந்த இலக்கம் ஈச்சிலம்பற்றுக் கிளையில் உள்ள ஒரு மர வாங்குக்குச் சொந்தமானது என்று தெரியவந்தது பிறகு.

இதற்குள் கடல் நன்றாக அடங்கிவிட்டது. நிலாவெளியில் மற்றவர்களுடைய படகுகள் டொல்பினுக்குப் பின்னால் ஓடின. முனீப் பின்னேரங்களில் கரையில் நின்ற தன் படகில் ஏறிச் சும்மா இருப்பான். அவனுக்கு வெட்கமாக இருந்தது. ஓட்டோவை விற்ற அன்று எவ்வளவு பெரிய கதை கதைத்தோம் என்று நினைத்துக்கொள்வான். ஒருநாள் றுமானா தேத்தண்ணியோடு வந்தாள். ஏசப்போகிறாள் என்று அவன் குனிந்துகொண்டான். அவளோ காகங்களைக் கையால் விசுக்கிக் கலைத்துவிட்டு அவனுக்குப் பக்கத்தில் ஏறி இருந்தாள்.

"ஹோட்டல்காரர் கோல் எடுத்த" என்றாள். "வெள்ளிக்கிழமை காலையில முதல் ஆக்கள் வாறாங்களாம். அதுக்குள்ள அனுமதி வராட்டி வேற போட் பாக்கிறாராம்."

வியாழக்கிழமை கந்தோரில் விழா. பாலசிங்கமும் அன்ஸாரும் வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு விஷயத்தில் ஒத்துப்போயிருந்தார்கள். கொழும்பிலிருந்து ஒரு பெரியவர் வந்து தன் கையாலேயே ரேமைச் செருகிவிட்டால், அதற்குப் பிறகு என்ன நடந்தாலும் தங்கள் இருவர் தலையிலும் விழாது. 'ஒன்றிணைந்த நினைவகம், ஒளிமயமான கரையோரம்' என்று பதாகை எழுதினார்கள். பெரியவர் செருகுவதற்கு ஏதாவது வெளியே இருக்க வேண்டும் அல்லவா? அதற்காக மாகாணத்தின் ரேமைக் கழற்றிப் பித்தளைத் தட்டத்தில் மல்லிகைப் பூவுக்கு நடுவே வைத்தார்கள். விழாவுக்காகக் கழற்றுவதில் யாருக்கும் எந்த ஆட்சேபமும் இருக்கவில்லை.

தட்டத்தை ஏந்தி நிற்கப் பயனாளி ஒருவர் தேவைப்பட்டார். கந்தோர் நாய்க்கே பழக்கமான முகம் முனீப்புடையதுதான். வெள்ளைச் சேர்ட் போட்டுக்கொண்டு வந்து, விழா முடிவில் நன்றியுரையும் சொல்ல வேண்டும் என்றார்கள். மறுத்தால் விண்ணப்பம் என்னவாகும் என்று அவன் கேட்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை.

முதல் நாள் இரவு வாசலில் கட்டிய வாழைகளை, திருகோணமலைத் தெருக்களில் மாடுபோலத் திரிகிற மான்கள் விடியமுன்பே தின்றுவிட்டுப் போயிருந்தன. மிஞ்சிய தண்டுகளுக்கு நடுவே முனீப் தட்டத்தோடு நின்றான். கதிரைகளை நிரப்புவதற்காக எல்லா விண்ணப்பகாரர்களுக்கும் வரச்சொல்லி அறிவித்திருந்தார்கள். அவர்களும் எதற்கும் இருக்கட்டும் என்று பத்திரங்களைக் கையோடு கொண்டுவந்திருந்தார்கள். வரவேற்பு நடனத்துக்குப் பாட்டுப் போடச் சுதர்ஷினி கணினியை முடுக்கினாள். பிள்ளைகள் ஆடினார்கள். பெரியவர் இப்போதுதான் வழியில், ஹபரணையில் என்று செய்தி வந்தது. மீண்டும் பாட்டு, மீண்டும் ஆட்டம்.

மூன்றாம் முறை ஆடும்போது உத்தியோகத்தர்களுக்கு நா வறண்டது. ஏனென்று யோசித்தார்கள். முதலாம் நீலம் வரவில்லை. பத்தரை நீலமும் வரவில்லை. சுதர்ஷினி திரையைப் பார்த்தாள். வாசலில் முனீப்பின் கையிலிருந்த தட்டத்தைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள். பிறகு பாட்டை நிறுத்தாமலே அனுமதிப் பக்கத்தைத் திறந்து, கட்டுக்கு மேலே இருந்த முதல் விண்ணப்பத்தை எடுத்தாள். அச்சு இயந்திரம் இருமிவிட்டு ஓர் அனுமதியைத் துப்பியது.

கூட்டம் சத்தமில்லாமல் எழுந்து ஜன்னல் பக்கம் நகர்ந்தது. அடுத்தது வந்தது. அதற்கடுத்ததும் வந்தது. சல்லிக் கிராமத்திலிருந்து வந்திருந்த ஒரு கிழவர் தன் அனுமதியை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டார். முனீப்புக்குத் தலைகால் புரியவில்லை. பிறகு ஒரு விஷயம் உறைத்தது. புதிய விண்ணப்பம் வந்தால் கட்டுக்கு மேலேதான் வைப்பார்கள். எல்லாருக்கும் முதல் விண்ணப்பித்தவன் அவன். அவனுடையது ஆக அடியில் இருந்தது.

பெரியவர் தயிர் வாங்கக் கந்தளாயில் இறங்கியிருக்கிறாராம் என்றார்கள். கூட்டத்தில் ஒரு நிம்மதிப் பெருமூச்சு எழுந்தது. நல்ல தயிராகப் பார்த்து ஆறுதலாக வாங்கட்டும் என்று ஒரு பெண் கையெடுத்துக் கும்பிட்டாள். கட்டு மெலிந்துகொண்டே வந்தது. வாகனம் நகரை ஒட்டிய பாலையூற்றைத் தாண்டிவிட்டது என்று செய்தி வந்தபோது இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. முனீப் தெரிந்த துஆ எல்லாவற்றையும் ஓதினான். சுதர்ஷினியின் விரல்கள் பறந்தன. கடைசி விண்ணப்பத்தை அவள் கையில் எடுக்கவும் வாசலில் வாகனம் வந்து நிற்கவும் சரியாக இருந்தது.

பெரியவர் கோட்டும் சூட்டுமாக இறங்கினார். மாலை போட்டார்கள், பொட்டு வைத்தார்கள். இனி உள்ளே நடந்தால் ரேமைச் செருகிவிடுவார். செருகினால் நீலம். நீலம் வந்தால் படகு காகத்துக்கு.

ஓட்டோ ஓட்டிய காலத்தில் முனீப் ஒரு விஷயத்தை நன்றாகக் கற்றிருந்தான். கோட் போட்ட பயணிகளிடம் அவர்களுடைய வேலையைப் பற்றி ஒரேயொரு கேள்வி கேட்டுவிட்டால் போதும், எந்தச் சுற்றுப்பாதையால் போனாலும் கவனிக்கமாட்டார்கள். தட்டத்தோடு பாதையை மறித்து நின்று பணிவாகக் கேட்டான்.

"சேர், நான் படிக்காத ஆள். இந்த ஒருங்கிணைப்பு எண்டா என்ன சேர்?"

பெரியவர் நின்றார். முகம் மலர்ந்தது. கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டார்.

"அருமையான கேள்வி. நான் உதாரணத்தோடு விளக்குகிறேன். முன்பு ஓர் ஆற்றுக்குப் பாலம் கட்டினோம். மத்திய அரசு இந்தக் கரையிலிருந்து கட்டியது. மாகாணம் அந்தக் கரையிலிருந்து கட்டியது. நடுவில் இரண்டும் சந்திக்கவில்லை என்று சிலர் குறை சொன்னார்கள். ஆனால் இரண்டு பாதியும் குறித்த திகதியில் திறந்து வைக்கப்பட்டன. இரண்டு விழாவுக்கும் பிரதம விருந்தினர் நானே. காலையில் ஒரு விழா, மாலையில் ஒரு விழா. அதுதான் ஒருங்கிணைப்பு."

"ஆத்தக் கடக்கிற எப்பிடி சேர்?"

"அது போக்குவரத்து. அது வேறு அமைச்சு."

போக்குவரத்திலிருந்து நீர்ப்பாசனத்துக்கும், நீர்ப்பாசனத்திலிருந்து தான் வெளிநாட்டில் பெற்ற பயிற்சிக்கும் அவர் போனார். மல்லிகை வாசத்துக்கு மான் ஒன்று வந்து தட்டத்தில் மூக்கை வைத்தது. முனீப் தட்டத்தைத் தலைக்கு மேலே தூக்கினான். அதைத் தன் பேச்சுக்குக் கிடைத்த மரியாதையாக எடுத்துக்கொண்ட பெரியவர் இன்னும் உருக்கமாகப் பேசினார். பாலசிங்கம் நல்ல நேரம் போகிறது என்று கைமணிக்கூட்டைக் காட்டிக் காட்டிக் களைத்துப்போனார். கடைசியில் உள்ளே அச்சு இயந்திரம் இருமியது. ஜன்னலில் சுதர்ஷினி ஒரு கடதாசியை உயர்த்திக் காட்டினாள்.

"விளங்கிச்சி சேர்" என்றான் முனீப். சந்தோஷத்தில் அவனுக்குக் கண் முட்டியது.

பெரியவர் உள்ளே போய், விளக்கேற்றி, கரகோஷத்துக்கு நடுவே ரேமைச் செருகினார். கணினியை முடுக்கினார்கள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அது நீலமாயிற்று. காலையிலிருந்து நா வறண்டு இருந்த உத்தியோகத்தர்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். தனக்காகவே எழுந்து நிற்கிறார்கள் என்று பெரியவர் கைகூப்பினார். கடலோரக் கந்தோருக்கு இந்த நிறம் எவ்வளவு பொருத்தம் என்று வியந்தார்.

நன்றியுரைக்கு முனீப்பைக் கூப்பிட்டார்கள். சேர்ட் பைக்குள் அனுமதி இருந்ததால் அவனுக்குப் பொய் சொல்ல மனம் வரவில்லை.

"சேர் பிந்தி வந்ததாலதான் இண்டைக்கி எங்க எல்லாருக்கும் அனுமதி கிடைச்ச. அல்லாஹ் உங்களுக்கு நல்ல சுகத்தத் தரணும்."

கூட்டம் ஆரவாரித்தது. தன் வருகைக்கு ஒரு மாவட்டமே இவ்வளவு காத்திருந்ததா என்று பெரியவர் நெகிழ்ந்துபோனார். இந்த ஒருங்கிணைப்பு ஒரு நாளோடு நின்றுவிடக் கூடாது, மாதந்தோறும் இதே ரேம் இதே மாதிரிச் செருகப்பட வேண்டும் என்று அந்த இடத்திலேயே பணித்தார்.

அப்படியே நடக்கிறது. ஒவ்வொரு மாதமும் விழாவுக்காக ரேமைக் கழற்றுகிறார்கள். பெரியவர் வந்து சேரும்வரை அனுமதி அச்சாகிறது. மற்ற நாள்களில் கந்தோர் வழக்கம்போல் நீலத்துக்கு எழும்பி நீலத்துக்கு இருக்கிறது. முனீப் அந்தச் சீசன் முழுவதும் ஓடினான். றுமானா அனுமதியை லமினேட் செய்து படகிலே தொங்கவிட்டாள். காகங்கள் வேறு வளவு பார்த்துக்கொண்டன. பாஹிம் கொஞ்ச நாள் அந்தப் படகைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். பிறகு அவனும் ஒரு படகு வாங்கினான்.

மைத்துனனுக்குத் துணையாக முனீப் அடுத்த விழாவுக்குப் போனபோது கந்தோர் வாசலில் ஒரே அமளி. பழைய பெரியவருக்கு இடமாற்றம் கிடைத்துவிட்டதாம். புதிதாக வந்தவர் ஆள் இளந்தாரி. அழைப்பிதழில் போட்ட நேரத்துக்கு, ஒரு நிமிடமும் பிந்தாமல், வந்து வாசலில் இறங்கிக்கொண்டிருந்தார். இப்படியும் ஓர் அநியாயம் நடக்குமா என்று சனம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. பாலசிங்கம் மாலையைத் தேடினார். உள்ளே சுதர்ஷினி அப்போதுதான் கணினியை முடுக்கிக்கொண்டிருந்தாள். பாஹிமின் விண்ணப்பம் கட்டில் எங்கே இருந்ததென்று அல்லாஹ்வுக்குத்தான் வெளிச்சம்.

"மச்சான்" என்றான் பாஹிம், முனீப்பின் சேர்ட்டைப் பிடித்துக்கொண்டு.

முனீப் சேர்ட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அதிகாரிக்கு முன்னால் பணிவாக நின்றான்.

"சேர், நான் படிக்காத ஆள். ஒரு சின்னச் சந்தேகம் இரிக்கி."

புதிய அதிகாரி நின்றார். கை தன்பாட்டில் கழுத்துப்பட்டிக்குப் போனது.